காரைக் காப்பாற்றினீர்கள், பலகையைக் காணோம்: பந்தயக் கார் அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்காவின் பழைய பந்தயக் கார் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களும், மிட்ஜெட் கார்களைப் பராமரித்து ஓட்டிவரும் சங்கங்களும்.

வணக்கம்.

1930-களின் மிட்ஜெட் கார்களை, அதாவது சிறு தடங்களில் ஓடிய குட்டிப் பந்தயக் கார்களை, நீங்கள் பாதுகாத்து வரும் விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பெயின்ட், ரிவெட், தோல் இருக்கை எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் மரத்தளத்தில் ஓடிய ஒரு காரை வழவழப்பான சிமென்ட் தரையில் சமமாக நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு பழைய புகைப்படத்தைத் தொங்கவிட்டால் காட்சி முடிந்தது என்று விட்டுவிடுகிறீர்கள். உரலை வைத்துக்கொண்டு உலக்கையைத் தூர எறிந்த மாதிரி இருக்கிறது. மரச்சட்டங்களை அடித்துச் சாய்வான வளைவுகளோடு கட்டிய பலகைத் தடத்தில் பாதி வேலையைச் செய்தது மரம். அதன் ஒரு துண்டையாவது நிஜ அளவில், நிஜச் சாய்வில் கட்டி, காரை அதன் மேல் ஏற்றி வையுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. எப்படிக் கட்டுவது, எவ்வளவு மரம் வேண்டும், எங்கே சறுக்கும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

அதற்கு முன் புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிட்ஜெட் காருக்குப் பக்கத்தில் பெவர்லி ஹில்ஸ் தடத்தின் படத்தைத் தொங்கவிடுவது தவறு. அது 1920-இல் திறந்து 1924-இல் மூடப்பட்ட, ஒன்றேகால் மைல் சுற்றளவுள்ள பெரிய தடம். மிட்ஜெட் பந்தயம் ஒழுங்கான அமைப்போடு தொடங்கியது 1933 ஜூன் 4-ஆம் தேதி, சாக்ரமென்டோவின் ஹியூஸ் ஸ்டேடியத்தில். இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருஷம். அட்லான்டிக் சிட்டி பலகைத் தடத்தில் 1927-இல் ஃபிராங்க் லாக்ஹார்ட் மணிக்கு 147 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்ததையும் மிட்ஜெட் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் ஓட்டியது மில்லர் 91, அதாவது 91 கன அங்குல சூப்பர்சார்ஜர் எஞ்சின் போட்ட முழு அளவு பந்தயக் கார். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. லியோ கூசன் வரைந்து ஃபிரெட் ஆஃபன்ஹவுசர் தயாரித்த மிட்ஜெட் எஞ்சின் 97 கன அங்குலம். எஞ்சின் கொள்ளளவை மட்டும் பார்த்தால் மிட்ஜெட்தான் பெரியது! கொள்ளளவை வைத்துக் காரின் இனத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பலகைத் தடத்தின் வம்சாவளியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஜாக் பிரின்ஸ் என்ற ஆங்கிலேய சைக்கிள் பந்தய வீரர் அமெரிக்காவில் மர வெலோட்ரோம்கள் (சாய்வான சைக்கிள் பந்தயத் தடங்கள்) கட்டிக்கொண்டிருந்தார். அதையே பெரிதாக்கி, ஃபிரெட் மாஸ்கோவிக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1910-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பிளாயா டெல் ரேயில் ஒரு மைல் சுற்றுள்ள மோட்டார்ட்ரோமை, அதாவது மோட்டார் வண்டிகளுக்கான மரத் தடத்தை, கட்டினார். வட்டத் தட்டு மாதிரியான அந்தத் தடம் மூன்றே வருஷத்தில் தீயில் போனது. 1915-இல் சிகாகோ, டகோமா, ஷீப்ஸ்ஹெட் பே என்று பெரிய தடங்கள் வரிசையாக எழும்பின. 1931-க்குள் ஏறக்குறைய எல்லாம் மக்கிப் போயின, இல்லையென்றால் மனை விலைக்குப் பலியாயின. மயாமிக்குப் பக்கத்தில் இருந்த ஃபுல்ஃபர்டு தடத்தை 1926-இன் மயாமிப் புயல் கொண்டுபோனது. அதோடு கதை முடிந்ததென்று பலர் எழுதுகிறார்கள். முடியவில்லை. 1938-இல் நியூ ஜெர்சியின் நட்லியில், சைக்கிளுக்கென்று 1933-இல் கட்டிய வெலோட்ரோமுக்குள் மிட்ஜெட் கார்கள் இறங்கின. 1939-இல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டுக்குள் கால் மைல் பலகைத் தடம் ஒன்று போடப்பட்டது. சைக்கிள் தடத்தில் பிறந்த விளையாட்டு, பெரிதாகி வீழ்ந்து, மறுபடி சைக்கிள் தடத்துக்கே வந்து சேர்ந்தது. உங்கள் காட்சிக்கூடத்தில் இந்த இரண்டாம் அத்தியாயம் இல்லவே இல்லை. நட்லியிலிருந்தே தொடங்குங்கள்.

ஏன் நட்லி என்றால், மிட்ஜெட்டும் மரமும் ஒன்றையொன்று எவ்வளவு சோதித்தன என்பது அங்கேதான் வெளிப்பட்டது. சுற்றளவு ஏழில் ஒரு மைல், அதாவது 230 மீட்டர். வளைவுகளின் சாய்வு 45 டிகிரி. வளைவின் ஆரம் 25 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 56 கிலோமீட்டரில் போனால் டயர் பக்கவாட்டில் பிடிக்கவே தேவையில்லை, சாய்வே காரைத் திருப்பிவிடும். 30 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கார் கீழ்நோக்கி வழுக்க ஆரம்பிக்கும். 90 கிலோமீட்டரில் போனால் ஒரு சுற்றுக்கு 9 விநாடிதான். அதில் ஆறு விநாடிக்கு மேல் ஓட்டுநர் தன் எடையைப் போல இரண்டரை மடங்கில் இருக்கையில் அழுந்தி இருப்பார். 70 கிலோ ஆள் 175 கிலோ ஆகிறார். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 450 கிலோ என்பது தளத்துக்கு 1,100 கிலோவுக்கு மேல் தெரியும். வலது பின்சக்கரம் ஒன்றே 400 கிலோவைப் பலகையில் இறக்கும். அதே வளைவில் 60 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் ஒரு சக்கரத்துக்கு இறக்குவது சுமார் 60 கிலோ. சைக்கிளுக்கென்று அடித்த பலகைமேல் ஏறக்குறைய ஏழு மடங்கு பாரம் ஏறியது!

நெரிசல் அடுத்த தொல்லை. 230 மீட்டரில் பத்துக் கார் ஓடினால் சராசரி இடைவெளி 23 மீட்டர், ஒரு விநாடிக்கும் குறைவு. முன்னால் போனவர் சுழன்றால் பின்னால் வருபவர் கண்ணால் கண்டு காலை எடுப்பதற்குள் அந்த இடம் வந்துவிடும். முந்த வேண்டுமென்றால் மேலேதான் ஏற வேண்டும். சரிவில் 2 மீட்டர் மேலே போனால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9 மீட்டர் கூடுதல் ஓட்டம், மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் நஷ்டம். ஆகவே எல்லோரும் கீழ்க்கோட்டைப் பிடித்துக்கொண்டு முட்டிமோதினார்கள். கைமீறிய கார் மேல்விளிம்பை நோக்கித்தான் போகும். பழைய மோட்டார்ட்ரோம்களில் பார்வையாளர்கள் நின்றதும் அந்த மேல்விளிம்பில்தான். 1912 செப்டம்பரில் நியூவார்க் மோட்டார்ட்ரோமில் எடி ஹாஷா, இன்னொரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், வேடிக்கை பார்த்தவர்கள் பலர் என்று செத்தது இந்த அமைப்பினால்தான். அதே மாநிலத்தில், 26 வருஷம் கழித்து, அதே மாதிரிச் சாய்வில் மிட்ஜெட்டை ஓடவிட்டார்கள். நட்லியில் மூன்று ஓட்டுநர்கள் உயிரிழந்த பிறகு கார் ஓட்டம் நின்றது. இதைக் காட்சிக் குறிப்பில் "வீரத்தின் பொற்காலம்" என்று எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. எண்களை எழுதினால் போதும், படிப்பவர்கள் மீதியைப் புரிந்துகொள்வார்கள்.

இனி மர வேலை.

பெரிய தடங்களில் 2க்கு 4 அங்குலச் சட்டங்களைப் படுக்கப் போடாமல், 2 அங்குல முகம் மேலே தெரியும்படி நிமிர்த்தி, கார் ஓடும் திசைக்கு நீளவாக்கில் அடித்தார்கள். அதே சட்டத்தைப் படுக்கப் போட்டால் வளைவது நான்கு மடங்கு. விலை என்று பார்த்தால் இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. ஒன்றேகால் மைல் தடத்தை 50 அடி அகலத்தில் போட்டால் மேல்தளத்துக்கு மட்டும் 1,10,000 கன அடி மரம் வேண்டும், அடிச்சட்டம் தனி. அதையே 24 அடி அகலத்தில் ஏழில் ஒரு மைலுக்குப் போட்டால் சுமார் 6,000 கன அடி. மிட்ஜெட் வந்த பிறகு பலகைத் தடம் மறுபடி சாத்தியமானதற்கு இந்தக் கணக்கே காரணம்.

உங்களுக்கு அத்தனை வேண்டாம். 12 அடி நீளம், சரிவில் 16 அடி, 45 டிகிரி போதும். உயரம் 11 அடி 4 அங்குலம், தரையில் அடிமட்டமும் அதே அளவு. கூரை உயரம் 14 அடியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மரம் வாங்குவதில்தான் முதல் சறுக்கல் வரும். இன்று அமெரிக்கக் கடையில் 2க்கு 4 என்று கேட்டால் கைக்கு வருவது 1½க்கு 3½. அன்றைய அறுப்பு மரம் அப்படி இல்லை. ஆகவே முழு 2 அங்குலத்துக்கு அறுவை மில்லில் சொல்லி வாங்குங்கள். கடைச் சட்டத்தை வைத்தால் 16 அடிக்கு ஏறக்குறைய 120 கோடுகள் தெரியும், முழு அளவில் 93 தான். தூரத்திலிருந்து பார்க்கும்போதே தளத்தின் தோற்றம் மாறிவிடும். பச்சை நிற மருந்து ஏற்றிய மரமும் வேண்டாம், கூரைக்குள் இருப்பதற்கு அது அவசியமில்லை.

93 எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இதைச் சொன்னால் எந்தத் தச்சருக்கும் முகம் சுளிக்கும், நெருக்கி அடித்தால்தானே அழகு என்பார். ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் 2 அங்குல மென்மரச் சட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் போலப் பெருக்கும். ஒன்றுக்கு அது அற்பம். 16 அடிக்குக் கூட்டிப் பார்த்தால் 9 சென்டிமீட்டருக்கு மேல். இடம் விடாமல் அடித்த தளம் நடுவில் மேடாகத் தூக்கி ஆணியைப் பிடுங்கும். இடைவெளிக்கு ஆணி அடிக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய தகடோ வாஷரோ வையுங்கள்.

ஆணியை மேலிருந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் முந்தைய சட்டத்தோடு பக்கவாட்டில், ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் அடியுங்கள், தலை மறைந்துவிடும். பிறகு அடிச்சட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு ஆணி. அடிச்சட்டங்கள் 3 அடிக்கு ஒன்றாக ஐந்து. மொத்தம் சுமார் 1,300 ஆணி, 4 அங்குலத்தில். மேலே தெரியும் ஆணிக்கு என்ன நேரும் என்பதை மரவேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் காய்ந்து சுருங்கும், தேயும். ஆணி தேயாது. தலை தூக்கிக்கொண்டு டயரைக் கிழிக்கும்.

நரம்பு ஓடும் திசையையும் பாருங்கள். மிட்ஜெட் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்பும், ஆகவே தளத்தில் சக்கரம் உருளும் திசை ஒன்றே. சட்டத்தின் நரம்பு மேல்முகத்தில் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம் போகும் திசையில் இருக்க வேண்டும், இழைப்புளி ஓட்டும் திசையைப் போல. தலைகீழாகப் போட்டால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நரம்பைக் கிளப்பிச் சிலாம்பாக உரிக்கும். பலகைத் தடத்தில் முகத்தில் சிலாம்பு தைத்த ஓட்டுநர்கள் பலர், முன்னால் போகும் காரின் சக்கரம் அதை எறியும். பெரிய கணு உள்ள சட்டங்களை மேல் வரிசைக்குத் தள்ளிவிடுங்கள். கணு முதலில் கழன்று விழும், விழுந்த குழியில் சக்கரம் இடிக்க இடிக்க அக்கம்பக்கமும் நொறுங்கும். பெரிய தடங்களில் ஓட்டை விழுந்தது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே தச்சர்கள் தளத்துக்கு அடியில் நின்று கட்டை வைத்து அடைத்த காலம் அது. தலைக்கு மேல் கார்கள் பறக்க, சுத்தியலோடு நின்ற அந்த ஆட்களுக்கு எந்த அருங்காட்சியகத்திலும் இடமில்லை. ஆகவே உங்கள் மாதிரித் தளத்தின் பின்பக்கத்தைப் பலகை வைத்து மூடிவிடாதீர்கள். பார்வையாளர்கள் அடியில் போய் நின்று முட்டுகளையும் ஆணி வரிசையையும் இடுக்கு வழியே வரும் வெளிச்சத்தையும் பார்க்கட்டும்.

அடிச்சட்டம் ஒவ்வொன்றுக்கும் சரிவுக்கு 2க்கு 8 அங்குலம், 16 அடி நீளம் ஒன்று. மேல் முனையில் 11 அடி 4 அங்குலத்தில் ஒரு கால், அடுத்து ஏழரை அடியிலும் மூன்றே முக்கால் அடியிலும் கால்கள், குறுக்கே ஒரு மூலைவிட்டம், அடியில் தரைச்சட்டம். மேல்தள மரம் 62 கன அடி, எடை 900 கிலோவை ஒட்டி வரும். காரோடும் அடிச்சட்டத்தோடும் சேர்த்துத் தரை இரண்டு டன் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் எழுதி வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

வளைவும் சமதளமும் சேரும் இடத்தையும் காட்ட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. 45 டிகிரிச் சரிவை நேராகத் தரையில் முட்டவிடாதீர்கள். ஆரம்ப காலத் தடங்களின் பெரிய குறை, நேர்ப்பாதையிலிருந்து சாய்வுக்குள் போகும் மாற்றம் திடீரென்று வந்ததுதான். பெவர்லி ஹில்ஸில் ஆர்ட் பில்ஸ்பரி ரயில் பாதைக்கென்று வகுத்த சுருள்வளைவுக் கணக்கை எடுத்துப் போட்ட பிறகுதான், சாய்வு சிறிது சிறிதாக ஏறி கார் தானாகத் திரும்புகிற தடங்கள் வந்தன. உங்கள் 12 அடியில் அதைக் காட்ட முடியாது. பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு முழுத் தடத்தின் மாதிரி வைத்தால் தெளிவாகும்.

காரை ஏற்றும்போது. 45 டிகிரியில் ரப்பர் மரத்தில் நிற்காது, 400 கிலோ காரைக் கீழே இழுக்கும் விசை 280 கிலோவுக்கு மேல். கட்டை மட்டும் போதாது. அச்சுகளிலிருந்து அடிச்சட்டத்துக்கு நான்கு பட்டைகள், உடற்தகட்டில் எதையும் கட்டாதீர்கள். எடையின் பெரும்பகுதி இடப்பக்கச் சக்கரங்களில் இறங்கும், மாதக்கணக்கில் அப்படி நின்றால் இடது வில்பட்டை தொய்ந்துவிடும், அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே மரக்கட்டை கொடுங்கள். எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றுத்துளை வழியே கசியும். மெத்தனாலில் ஓடிய பந்தய எஞ்சின்களுக்கு ஊற்றியது பெரும்பாலும் விளக்கெண்ணெய், நம் வீட்டில் இருக்கும் அதே ஆமணக்கெண்ணெய்தான். மரத்தில் ஊறினால் அது எளிதில் போகாது. பந்தய நாளில் கீழ்க்கோட்டுச் சட்டங்கள் கறுத்து வழுக்கியது இதனால்தான். ஓரிரண்டு சட்டத்தை மட்டும் வேண்டுமென்றே அப்படிக் கறுக்க விட்டால் காட்சிக்கு உயிர் வரும், காரின் கசிவுக்கு விட்டுவிட்டால் மொத்தமும் பாழ்.

கார்பரேட்டரையும் ஒரு வரியில் விளக்கலாம். 56 கிலோமீட்டரை ஒட்டி ஓடும்போது விசையெல்லாம் ஏறக்குறைய தளத்துக்குச் செங்குத்தாக அழுத்துவதால், கார்பரேட்டரில் எரிபொருள் தேங்கும் மிதவைக் கிண்ணத்துக்குத் தான் சரிந்திருப்பதே அவ்வளவாகத் தெரியாது. வேகம் அதிலிருந்து மிகவும் விலகினால்தான் எரிபொருள் ஒரு பக்கம் சாய்ந்து எஞ்சின் திணறும். கிளட்ச், கியர்பாக்ஸ் இல்லாத, தள்ளிக் கிளப்பும் வண்டியில் எஞ்சின் அணைந்தால் சரிவில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சங்கங்களுக்குத் தனியாக ஒன்று. முழுத் தடத்தையும் மறுபடி கட்டி மிட்ஜெட் ஓட்டிக் காட்டலாம் என்ற ஆசை அவ்வப்போது எழுகிறது. ஒரு கார், ஒரு ஆள், மேல்விளிம்பில் பார்வையாளர் யாரும் இல்லை என்றால் அதைச் செய்யலாம். இரண்டாவது கார் சேர்ந்தால் நாங்கள் எதிர்க்கிறோம்.

மடலை ஏன் தமிழில் எழுதுகிறோம் என்று கேட்கலாம். மரப்பலகையில் கார் ஓடுவதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் பொருட்காட்சிகளின் மரணக் கிணறு, அந்தப் பழைய மோட்டார்ட்ரோம்கள் சுருங்கிச் செங்குத்தாகி ஊர் சுற்றக் கிளம்பிய வடிவம். அங்கே பலகைகள் நிற்கின்றன, சக்கரம் அவற்றைக் குறுக்கே கடக்கிறது. அதனால்தான் அந்தத் தடதடப்பு. பலகைத் தடத்தில் சட்டங்கள் கார் ஓடும் திசைக்கு நீளவாக்கில் ஓடின, இணைப்பு முனைகளில் மட்டுமே இடிக்கும். தமிழ் வாசகருக்குப் பலகைத் தடத்தை விளக்க இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் போதும், காதில் கேட்டுவிடும். உங்கள் கூடங்களுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் குறைவில்லை. காட்சிக் குறிப்பின் தமிழ் வடிவத்தை எழுதித் தரவும், மேலே சொன்ன அடிச்சட்டத்தின் அளவு வரைபடத்தை அனுப்பவும் நாங்கள் தயார். மரத்துக்கும் தச்சுக் கூலிக்கும் மட்டும் நீங்கள் பணம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
பழைய பந்தயக் கார்களையும் மரவேலையையும் அறிந்த தமிழர்கள் சிலர்